இன்னும் தெளிவாகத் தெரியவில்லை என்று சொன்னவர்



பெத்சாய்தாவில் நடந்ததை மாற்கு ஐந்தே வசனங்களில் எழுதிவிடுகிறார். பார்வையற்ற ஒருவரை ஊரார் இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். இயேசு அவரைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திப் போகிறார். கண்களில் உமிழ்ந்து, அவர்மேல் கைகளை வைக்கிறார். பிறகு, வேறெந்தக் குணமாக்குதலிலும் நாம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கிறார். ஏதாவது தெரிகிறதா என்று அவரையே விசாரிக்கிறார்.

அந்த மனிதர் சொன்ன பதிலை இன்று கவனித்துக் கேட்டீர்களா? ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறார். கடவுளின் மகன் தன் கையால் தொட்ட பிறகு, அவர் முகத்துக்கு நேரே நின்று, இன்னும் சரியாகவில்லை என்று சொல்கிறார். இயேசு முகம் சுளிக்கவில்லை. உனக்கு விசுவாசம் போதாது என்று கண்டிக்கவும் இல்லை. மறுபடியும் அவர் கண்களில் கைவைக்கிறார். நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள், இப்படி இரண்டு கட்டமாக நடந்த குணமாக்குதல் இது ஒன்றுதான்.

பெப்ரவரி 11ஆம் நாளை உலக நோயாளர் நாளாகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்தினார். அந்த நாளையொட்டி இன்று திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். நோயாளர் என்றதும் படுக்கையில் கிடப்பவர்களை நினைக்கிறோம். நான் இன்று பேச விரும்புவது எழுந்து நடமாடும் நோயாளரைப் பற்றி. மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்து, ஊசி மருந்து ஏற்றி, கடைசியாகக் கரண்ட் பிடித்து, அதாவது கதிர்ச் சிகிச்சையும் முடித்து வீட்டுக்கு வந்துவிட்ட நம் அம்மாமார், அக்காமார், தங்கச்சிமாரைப் பற்றி. இலங்கையில் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். நம்மைப் போன்ற சிறிய சமூகத்தில்கூட இந்த நோய் தொடாத குடும்பங்கள் குறைவு.

அவர்கள் ஊர் திரும்பியதும் நாம் என்ன சொல்கிறோம்? "எல்லாம் முடிஞ்சிருச்சுதானே, இனி என்ன!" அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறது. முடிந்தது சிகிச்சை. உடம்பில் நடப்பது முடியவில்லை.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கோவிலில் பேசுகிற விஷயமா இது என்று யாராவது நினைத்தால், பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணின் கதையை இந்தப் பீடத்திலிருந்துதானே வாசிக்கிறோம் என்று பதில் சொல்வேன்.

கதிர் பட்ட தோல் முதலில் சிவந்து, கறுத்து, உரியும். அது பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். உள்ளே நடப்பதுதான் மெதுவானது. புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் கதிர், பக்கத்திலிருக்கும் நல்ல தசையையும் சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களையும் தொட்டுவிட்டுத்தான் போகிறது. வெள்ளம் வடிந்த பிறகும் வயலில் மணல் தங்கிவிடுவதுபோல, அந்த இடத்தில் தழும்புத் திசு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். மார்பு கல்லுப்போல இறுகும், சுருங்கும். தோளைத் தூக்க முடியாது. மேல்தட்டிலிருக்கும் சீனிப் போத்தலை எடுக்கக் கை எட்டாது. உள்ளாடையின் விளிம்பு பட்டாலே எரியும். சிகிச்சை முடிந்த ஓரிரு மாதத்தில் சிலருக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வரும். நுரையீரலின் ஓரத்தில் கதிர் பட்டதால் வருவது அது.

அக்குளில் இருந்த நிணநீர்க் கட்டிகளை எடுத்து, அங்கே கதிரும் கொடுத்திருந்தால், கை வீங்கலாம். சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வீக்கம் தொடங்கலாம். வளையல் இறங்காது. சட்டையின் கை பிடிக்கும். கை கனக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் சொல்வது களைப்பு. வேலை செய்த களைப்பு என்றால் தூங்கினால் போய்விடும். இந்தக் களைப்பு தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். இப்போது நம் ஊரில் பெரும்போக அறுவடைக் காலம். வீட்டில் எல்லோரும் வயலில் நிற்கும்போது, ஒரு பெண் மட்டும் பகல் பதினொரு மணிக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவள் மனம் அவளைக் குற்றம்சாட்டும். கிளினிக் நாள் வந்தால், ஹசலக்க வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போக வேண்டும். நின்றுகொண்டு போகிற பஸ்ஸில், கம்பியைப் பிடிக்க அந்தக் கையைத் தூக்க முடியாமல், ஒவ்வொரு வளைவிலும் மார்பு யார்மேலாவது மோதிவிடுமோ என்று பயந்து போகிற பயணம் எப்படியிருக்கும் என்று ஆண்கள் நாம் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். போய்ச் சேர்ந்து வரிசையில் காத்திருந்து வைத்தியர் முன்னால் உட்கார்ந்ததும், அவர் கேட்கிறார், எப்படி இருக்கிறீங்க? பதில் என்ன? "நல்லா இருக்கேன் டொக்டர்."

ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வெட்கம் ஒரு காரணம். அவசரம் ஒரு காரணம், பின்னால் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள். வலிக்கிறது என்று சொன்னால் நோய் திரும்பிவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. ஆனால் நம் விசுவாசிகளான பெண்களிடம் இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் போக்குவது என் கடமை. உயிரைத் திருப்பித் தந்த ஆண்டவரிடம் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று நினைக்கிறார்கள். அந்தோனியார் கோவிலுக்கு நேர்த்தி வைத்துப் பிழைத்து வந்த பிறகு, இன்னும் நோகுது என்று எப்படிச் சொல்வது என்று நினைக்கிறார்கள்.

சகோதரிகளே, இன்றைய நற்செய்தி உங்களுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கிறது. குறையைச் சொன்ன அந்த மனிதர் நன்றி கெட்டவர் என்று மாற்கு எழுதவில்லை. அவர் அன்று மரியாதைக்காக, தெரிகிறது ஆண்டவரே, நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், மரங்களுக்கு நடுவில்தான் மீதி வாழ்நாளைக் கழித்திருப்பார். உண்மையைச் சொன்னதால்தான் இரண்டாம் முறை அந்தக் கைகள் அவர்மேல் பட்டன. கடவுளுக்கு நன்றி என்பதையும் இன்னும் வலிக்கிறது என்பதையும் ஒரே செபத்தில் சொல்லலாம். திருப்பாடல்களை எழுதியவர்கள் அப்படித்தான் செபித்தார்கள்.

இயேசு அவரை ஊருக்கு வெளியே கூட்டிப் போனதையும் கவனியுங்கள். நாலு பேர் முன்னால் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மாமியாரும் பக்கத்து வீட்டாரும் சுற்றி நிற்கும்போது, உனக்கு இப்போ எப்படி என்று கேட்டால் எந்தப் பெண் பதில் சொல்வாள்? தனியே கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்வதாக ஒருவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்பின் ஒரு பகுதியை மட்டும் அகற்றும் ஒப்பரேஷனுக்குப் பிறகு கதிர் கொடுப்பதால் என்ன பயன் என்று, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. கதிர் பெறாதவர்களில் 100க்கு 35 பேருக்குப் பத்து ஆண்டுக்குள் நோய் திரும்பியது. பெற்றவர்களில் அது 19ஆகக் குறைந்தது. நோய் திரும்பாமல் தப்பிய அந்த 16 பேரும் யாரோ ஒருவரின் தாய், யாரோ ஒருவரின் மனைவி. நம் நாட்டில் மஹரகமவிலும் கண்டியிலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் இது கிடைக்கிறது. அதற்காக நன்றி சொல்கிறோம்.

ஆனால் இந்தச் சிகிச்சை இன்றைய நிலைக்கு வந்ததில், வாய் திறந்து பேசிய பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரித்தானியாவில் முந்தைய ஆண்டுகளில் கதிர் பெற்ற சில பெண்களுக்குத் தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் சிதைந்து, கை மரத்து, தீராத வலியோடு செயலிழந்தது. தனித்தனியே முறையிட்டபோது கேட்பாரில்லை. 1991இல் அவர்கள் ஒன்றுசேர்ந்து 'ரேஜ்' என்ற பெயரில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 1995இல் அந்நாட்டுக் கதிரியல் வைத்தியர்களின் அரச கல்லூரியே இந்தப் பாதிப்புகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அதன் பிறகு அங்கே 2,215 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஐந்து வாரத்தில் 25 முறை கொடுக்கும் கதிருக்குப் பதிலாக, மொத்த அளவையும் குறைத்து மூன்று வாரத்தில் 15 முறை கொடுத்துப் பார்த்தார்கள். வைத்தியர்கள் படமெடுத்து ஒப்பிட்டதோடு நிற்கவில்லை. உங்களுக்கு என்ன தெரிகிறது, எங்கே இறுகுகிறது, எங்கே வீங்குகிறது என்று பெண்களையே ஆண்டாண்டாகக் கேட்டு எழுதினார்கள். பத்து ஆண்டு முடிவுகள் 2013இல் வந்தன. நோயைத் தடுப்பதில் 15 முறை எந்த விதத்திலும் குறைவில்லை, மார்பு சுருங்குவதும் வீங்குவதும் குறைவு என்று தெரிந்தது. இன்று பல நாடுகளில் அதுவே வழக்கம். ஏதாவது தெரிகிறதா என்ற பெத்சாய்தாக் கேள்வியை மருத்துவம் கேட்கத் தொடங்கியபோது, பின்னால் வந்த பெண்களின் துன்பம் குறைந்தது.

ஆகவே அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது சொல்லுங்கள். நேரில் மறந்துவிடும் என்றால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய் நீட்டுங்கள். களைப்பைச் சொன்னால், இரத்தம் குறைவா, தைரொயிட் சரியா என்று பார்ப்பார்கள். தோள் இறுகுவதைச் சொன்னால் பிசியோதெரபிக்கு அனுப்புவார்கள். கை வீக்கத்தைத் தொடக்கத்திலேயே சொன்னால், கைக்கு அழுத்தம் தரும் உறையும் பயிற்சியும் தந்து கட்டுக்குள் வைக்கலாம். அந்தக் கையால் ஒன்றும் செய்யாதே என்று வீட்டில் அடக்கி வைப்பதும் சரியில்லை. கை வீங்கிய 141 பெண்களிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், பயிற்சியாளர் பார்த்துச் சொல்லச் சொல்ல எடையை மெல்ல மெல்லக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாகும் தொல்லையும் குறைந்தது. மெல்லக் கூட்டுவதுதான் முக்கியம், எடுத்த எடுப்பில் நெல் மூட்டை தூக்குவதற்கு இது அனுமதி இல்லை.

நம் ஊர் வேலைக்கு ஏற்ற சில வார்த்தைகளும் உண்டு. சேற்றிலும் வைக்கோலிலும் வேலை செய்யும்போது அந்தக் கைக்கு உறை போடுங்கள். அரிவாள் கீறினாலும் முள் குத்தினாலும் சின்னக் காயம் என்று விடாமல் உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவதையும், கதிர் பட்ட தோலில் சுடுதண்ணி ஒத்தடம் கொடுப்பதையும் வைத்தியரைக் கேட்காமல் செய்யாதீர்கள். மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, விரல் மரத்துப்போவது, புதிதாய்க் கட்டி தட்டுப்படுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்லும்போது எனக்குக் கோபமும் வருகிறது. கரண்ட் பிடித்தவள் உடம்பில் கதிர் இருக்கும், பிள்ளையைத் தூக்கக் கொடுக்காதே, தட்டையும் கோப்பையையும் தனியாக வை என்று சொல்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. வெளியிலிருந்து மெஷினால் கொடுக்கும் கதிர், மெஷின் நின்றதும் நின்றுவிடும். அவர் உடம்பில் அது தங்காது, யாருக்கும் தொற்றாது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. தொழுநோயாளரைக் கைநீட்டித் தொட்ட ஆண்டவரின் பிள்ளைகள் நாம் தட்டை ஒதுக்கி வைக்கிறோம் என்றால், அது பாவம் என்றே சொல்வேன்.

தவக்காலம் நெருங்குகிறது. ஒருசந்தியும் நோன்பும் பிடித்து, சிலுவைப்பாதையின் ஒவ்வொரு தலத்திலும் முழங்காலிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு நாள் எழும்ப முடியாமல் படுக்கிற சகோதரிகளுக்கு இது. நோன்புச் சட்டம் 18 வயதிலிருந்து 59 வயதுவரையுள்ள உடல்நலம் உள்ளவர்களுக்கு. நோயாளரை அது கட்டுப்படுத்தாது. நீங்கள் சாப்பிடுங்கள். உட்கார்ந்துகொண்டே சிலுவைப்பாதை செய்யுங்கள். யாராவது ஏன் என்று கேட்டால் சுவாமி சொன்னார் என்று சொல்லுங்கள். நோயில் பூசுதல் என்ற திருவருட்சாதனமும் சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் உரியதில்லை. கடும் நோயோடு போராடுகிறவர்கள் கேட்டுப் பெறலாம், நிலைமை மோசமானால் மறுபடியும் பெறலாம்.

இரண்டாம் முறை தொட்டதும் அந்த மனிதர் எல்லாவற்றையும் தெளிவாகக் கண்டார். உங்கள் எல்லோருக்கும் அப்படி நடக்குமா? நடக்கும் என்று இந்த இடத்தில் நின்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. சில வீக்கங்கள் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடினார். முள் எடுபடவில்லை. அவர் விசுவாசம் குறைந்தவர் என்று யாராவது சொல்வார்களா? அந்த முள்ளோடுதான் ஊர் ஊராகப் போனார், திருச்சபைகளைக் கட்டினார். உயிர்த்த ஆண்டவரும் தழும்பு இல்லாத உடலோடு வந்திருக்கலாம். ஆணித் தழும்போடும் விலாவின் காயத்தோடும் வந்து அவற்றைச் சீடருக்குக் காட்டினார். உங்கள் மார்பிலுள்ள தழும்பைக் கண்ணாடியில் பார்க்க அஞ்சி விளக்கை அணைத்துவிட்டு உடை மாற்றுகிறவர்கள் உங்களில் இருக்கக்கூடும். அந்தத் தழும்பு கடவுள் கொடுத்த தண்டனை இல்லை, முன்னோர் செய்த பாவத்தின் கணக்கும் இல்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கணக்கை முற்றாக மறுத்துவிட்டார். பெப்ரவரி 5ஆம் நாள் நாம் நினைவுகூர்ந்த புனித ஆகத்தா, மார்பு அறுக்கப்பட்டு மறைசாட்சியானவர் என்று மரபு சொல்கிறது. அவர் பெயரைத் திருச்சபை ஒளித்து வைக்கவில்லை, முதலாம் நற்கருணை மன்றாட்டில் இன்றும் பீடத்தில் சொல்கிறது.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. மனைவி விலகிப் படுப்பதைக் கோபம் என்று எடுக்காதீர்கள். தொட்டால் நோகுதா என்று கேளுங்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். பிள்ளைகளே, அம்மா பகலில் படுத்திருந்தால் உலையை நீங்கள் வையுங்கள். இது உபகாரம் இல்லை, ஞானஸ்நானத்தில் நாம் ஏற்றுக்கொண்ட வேலை.

நம் மறைமாவட்டத்து மண்ணிலேயே இதைச் செய்து காட்டிய ஒருவர் இருக்கிறார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, அஞ்சிய மக்கள் நோயாளரைக் காட்டோரம் விட்டுவிட்டு ஓடினார்கள். புனித யோசேப் வாஸ் தம் மருமகன் யோசேப் கர்வாலோவோடு அங்கேயே தங்கினார். தங்குமிடம் கொடுத்தார், உணவு ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். நோயாளர் எந்தச் சமயம் என்று அவர் பார்க்கவில்லை. கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தியதை இன்று பெருமையாகப் பேசுகிறோம். அவர் போய்வந்த வீடுகளைப் போன்ற வீடுகள் நம் தெருவிலும் இருக்கின்றன.

நம் பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரிகளுக்கும் இதே நோய், இதே பஸ், இதே வரிசைதான். சேர்ந்து போங்கள். மொழி தடுமாறினால் ஒருவருக்கொருவர் பேசி உதவுங்கள்.

திருப்பலி முடிந்ததும் பெண்கள் கொஞ்சம் இருங்கள். ஆண்கள் வெளியே காத்திருப்போம். கிளினிக் தேதி யாருக்கு எப்போது என்று உங்களுக்குள் பேசி ஒரு கொப்பியில் எழுதுங்கள். தனியாக ஒருவரும் கண்டிக்குப் போகாதபடி, போகிறவருக்கு இடம் பிடித்து உட்காரவைத்து, வைத்தியர் முன்னால் அவர் சொல்ல மறப்பதை நினைவூட்ட இன்னொரு பெண் கூடப் போக வேண்டும். பஸ் காசு இல்லாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், பங்கு கொடுக்கும். இந்த வாரமே தொடங்குவோம். ஆமென்.